நாற்பது ஏக்கர் கசகசா

எங்கள் மலையூர் பான்லெங்கில் தலைவர் பதவிக்கு யாரும் போட்டி போடுவதில்லை. சீட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. கீழேயிருந்து வரும் அரசாங்கப் படை, சுமை தூக்க ஆள் எங்கே, அரிசி எங்கே என்று தலைவரைத்தான் உதைக்கும். மேலே காட்டிலிருந்து வரும் எங்கள் இனத்துப் படை, நேற்று அவர்களுக்கு ஏன் அரிசி கொடுத்தாய் என்று அதே தலைவரைத்தான் உதைக்கும். அடுத்தடுத்து மூன்று தலைவர்களின் விலா எலும்பு உடைந்த பிறகு ஊர் ஆண்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. பெண்களுக்குத்தான் பேச்சுத் திறமை அதிகம், இனிமேல் அவர்களே தலைமை ஏற்கட்டும் என்று மடாலயத்தில் கூடித் தீர்மானம் போட்டார்கள். பெண்களை உதைக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. உதைக்க மாட்டார்கள்தான், அறைவதோடு விட்டுவிடுவார்கள். அந்த வருஷக் குலுக்கலில் என் பெயர் வந்தது.

நான் லுவே ஹொம். என்னிடம் இருந்தது இரண்டு ஏக்கர் தேயிலை. அதற்கு முன்னால் அங்கே கசகசாச் செடி இருந்தது. என் புருஷன் மை டொன் போட்டது. காயைக் கீறி அபின் எடுத்து விற்கிறேன் என்று ஆரம்பித்தவர், கடைசியில் எடுத்ததையெல்லாம் தானே புகைத்தார். முப்பத்து நான்கு வயதில் அவரைப் புதைக்கத் தூக்கிப் போனபோது, பெட்டியில் ஆள் இருக்கிறதா என்று தூக்கியவர்களே கேட்டார்கள். மறுநாள் நான் அந்த இரண்டு ஏக்கரையும் வேரோடு பிடுங்கினேன். இந்த மண்ணில் இனி அந்தச் செடி முளைக்காது என்று என் மகள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

தேயிலை சும்மா வந்துவிடவில்லை. முதல் ஐந்து வருஷம் கொழுந்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நான் ஊரார் தோட்டத்தில் கூலிக்குப் பறித்தேன், மாட்டுச் சாணத்தைக் கூடையில் சுமந்து என் செடிகளுக்குப் போட்டேன். ஆறாவது வருஷத்திலிருந்து அது எங்களுக்குச் சோறு போட்டது. மகள் லுவே சாம் டவுனில் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படித்ததும் அந்தத் தேயிலையில்தான். எனக்கு வேறு எதுவும் இல்லை. அந்தத் தேயிலை போனால் மகள் படிப்பு போகும், நானும் கசகசாவுக்குத்தான் போகவேண்டும். ஊரில் நாற்பத்தொரு வீடு. கசகசா போட்டது வெறும் பதினோரு ஏக்கர், அதுவும் மழைக்காலத்தில் அரிசி தீர்ந்துபோகிற வீடுகள் போட்டது.

நாற்பத்தொரு வீடு என்று உங்களிடம்தான் சொல்கிறேன். எந்த அதிகாரிக்கும் நாங்கள் சரியான எண்ணிக்கையைச் சொன்னதில்லை. சுமை தூக்க ஆள் கேட்கும் அரசாங்கப் படைக்கு முப்பத்தொன்று. வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கும் காட்டுப் படைக்கு இருபத்தெட்டு. கொசுவலை கொடுக்க வரும் நர்ஸுக்கு நாற்பத்தாறு. பிடுங்க வருகிறவனுக்குக் குறைத்துச் சொல், கொடுக்க வருகிறவனுக்குக் கூட்டிச் சொல். எங்கள் ஊரில் பேசத் தெரிவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிடும். இதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது என்று எங்களுக்கு ஒரு கர்வமே உண்டு.

நான் தலைவியான வருஷம் மழைக்காலத்தில்தான் ஹோல்ட் வந்தார். கசகசாவை ஒழிக்கக் கடல் தாண்டியிருக்கும் ஒரு பெரிய அரசாங்கம் அனுப்பிய ஆள். அவர் நாட்டுப் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டு சாகிறார்களாம். அதை நிறுத்துவதற்கு அவர் தன் ஊர்த் தெருவில் நிற்காமல் எங்கள் மலை வரைக்கும் ஏறி வந்திருந்தார். ஆள் நல்ல மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு மடாலயத்துக்குள் வந்தார். நாங்கள் புளிக்கவைத்துத் தின்னும் ஊறல் தேயிலையை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பேசியதையெல்லாம் ரங்கூனிலிருந்து கூட வந்திருந்த மியா என்ற பெண் மொழிபெயர்த்தாள்.

கசகசாவைக் கைவிடும் ஒவ்வொரு ஏக்கருக்கும் இரண்டு மூட்டை அரிசி. அதுதான் திட்டம். நான் எழுந்து, கசகசா போடாதவர்களுக்கு என்ன என்று கேட்டேன். மியா அவரிடம் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "போடாதவங்க பயனாளிகள் இல்லக்கா. கைவிட அவங்ககிட்ட எதுவும் இல்லையே."

அதாவது, எட்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் செடியைத் தொடாமல் இருந்தவளுக்கு ஒரு பிடி அரிசி கிடையாது. போனவருஷம் வரைக்கும் விற்றவனுக்கு மூட்டை மூட்டையாக உண்டு. ஹோல்ட் அதைச் சொல்லும்போது அவ்வளவு அன்பாகச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பெயரையும் ஏக்கரையும் தலைவியே எழுதித் தரவேண்டும் என்றார். மக்கள் சொல்லை அவர்கள் மதிக்கிறார்களாம். அன்று மத்தியானமே ஊர் என் வீட்டு வாசலில் கூடியது. கொடுக்க வந்தவனுக்குக் கூட்டிச் சொல்ல வேண்டியதுதானே. ஒரு ஏக்கர் போட்டவன் மூன்று என்றான். போடாதவன் இரண்டு என்றான். நிலமே இல்லாமல் அடுத்தவர் வீட்டுக் கூரை மேய்ந்து பிழைக்கும் மை நியன், கூச்சமே இல்லாமல் ஒன்றரை என்றான். எல்லாம் சேர்ந்து முப்பத்தெட்டு வந்தது. நான் கடைசி வரியில் என் பெயரை எழுதினேன், பக்கத்தில் இரண்டு என்று போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ஆத்திரத்திலும் ஆசையிலும் நானே எழுதினேன். நாற்பது ஏக்கர் ஆனது.

அரிசி வந்தது. இரண்டு மூட்டைக்கு ஒன்றுதான் வந்தது. மற்றொன்று வழியில் அரசாங்கப் படைக் கேப்டன் சோ தௌங்கின் முகாமைத் தாண்டவில்லை. வந்ததில் பாதி வண்டு. புடைத்துச் சாப்பிட்டோம். வெள்ளைக்காரனை ஏமாற்றிவிட்டோம் என்று ஆண்கள் ஒரு மாதம் சிரித்துக்கொண்டே திரிந்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு மியா மறுபடி வந்தாள். என் பட்டியலை அழகாக டைப் அடித்து, மழையில் நனையாதபடி லேமினேஷன் போட்டு, மடாலயத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். எதற்கு என்று கேட்டதற்கு வெளிப்படைத்தன்மை என்றாள். யாருக்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியவேண்டுமாம். எங்கள் மலையில் ஒரு மனிதன் தன்னிடம் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதி மாட்டினால் அவனைப் பைத்தியம் என்போம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

பத்தாவது நாள் மேலேயிருந்து மை சென் இறங்கி வந்தான். எங்கள் இனத்துப் படையில் வரி வசூலிப்பவன், என் தூரத்துச் சித்தி மகன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டறிக்கை இருக்கும். அபின் நம் இனத்தை அழிக்க எதிரி விதைத்த விஷம் என்று அதில் அச்சடித்திருப்பார்கள். அதை ஒரு கையால் கொடுத்துவிட்டு, மறு கையால் ஏக்கருக்கு இவ்வளவு என்று அபின் வரி வாங்குவான். துப்பாக்கி வாங்க வேண்டுமே. மடாலயச் சுவரில் பட்டியலை நின்று நிதானமாகப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தான்.

"ரெண்டு ஏக்கர் போட்டிருக்கியேக்கா. வரி எங்க?"

"அது பொய்டா தம்பி. அரிசிக்காக எழுதுனது. வந்து பாரு, பூராவும் தேயிலை."

"எங்ககிட்ட நீங்க சொல்றது பொய்னு எங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன்கிட்ட யாராவது பொய் சொல்லுவாங்களா? அவன் வானத்துல இருந்தே படம் பிடிக்கிறவன்."

தோட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் அவன் நம்பவில்லை. கண்ணால் பார்த்ததைவிட அவனுக்கு லேமினேஷன் பெரிதாகிவிட்டது. வீட்டில் ஊறப்போட்டிருந்த பன்னிரண்டு வீசை தேயிலையையும் இனத்தின் பெயரால் எடுத்துக்கொண்டு போனான். போகும்போது துண்டறிக்கை ஒன்றையும் கொடுத்தான். அதை அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொண்டேன்.

மாசி பிறந்ததும் கேப்டன் சோ தௌங் முப்பது சிப்பாய்களோடு மலை ஏறி வந்தார். கூடவே ஹோல்ட், மியா, கழுத்தில் கேமரா தொங்கும் ஒருவன். அழிக்கும் நாள். கேப்டனுக்குக் கசகசா மேல் ஒரு கோபமும் கிடையாது. ஆனால் எத்தனை ஏக்கர் அழித்ததாகக் காட்டுகிறார்களோ அதற்குத் தக்கபடி ஹோல்டின் அரசாங்கம் கேப்டனுடைய படையின் ஹெலிகாப்டர்களுக்கு உதிரி பாகம் கொடுக்கும். கசகசாவைத் தேடுவதற்குத்தான் அந்த ஹெலிகாப்டர்கள். போன வருஷம் அவை மேல்மலை ஊர்கள் இரண்டைத் தேடிக் கண்டுபிடித்து எரித்தன. அங்கே ஒரு கசகசாச் செடி கூடக் கிடையாது, எங்கள் ஆட்கள்தான் இருந்தார்கள். ஹோல்டிடம் அதை யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் அவர் காதில் விழவில்லையா என்று எனக்குத் தெரியாது.

முதல் பதினோரு ஏக்கர் திருவிழா போல நடந்தது. பால் எல்லாம் கீறி எடுத்து, விற்றும் முடித்த தட்டைகள். ஊரே அரிவாளோடு வந்து சிப்பாய்களுக்கு உதவி செய்தது. மை நியன் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். ஹோல்ட் வேர்வை வழிய அவரும் நாலு செடியை வெட்டினார். பிறகு கேப்டன் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னும் இருபத்தொம்போது ஏக்கர் எங்கம்மா?"

இல்லை என்றேன். அவருக்கும் தெரியும். எங்கள் ஊரின் எல்லா எண்களையும் அவர் பத்து வருஷமாகப் பார்க்கிறவர். ஆனால் மேலிடத்துக்கு நாற்பது என்று போய்விட்டது, ஹோல்டின் மேலிடத்துக்கும் நாற்பது என்று போய்விட்டது. தரிசைக் காட்டினேன். படத்தில் பச்சையாகத் தெரியவேண்டும் என்றார். பட்டாணிப் பாத்திகளைக் காட்டினேன். அவையெல்லாம் சேர்த்து ஒரு ஏக்கர் கூட வரவில்லை. அவர் தலையைத் தூக்கிச் சரிவைப் பார்த்தார். அங்கே பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், எங்கள் ஊர்த் தேயிலை.

நான் கேப்டனை விட்டுவிட்டு ஹோல்டிடம் ஓடினேன். பட்டியல் பொய், நான்தான் எழுதினேன், அரிசிக்காக எழுதினேன், அது தேயிலை என்று மியாவிடம் சொன்னேன். ஒரு கொத்தைப் பறித்து அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். நிறைய நேரம் பேசினார். மியா தரையைப் பார்த்துக்கொண்டு சுருக்கமாகச் சொன்னாள்.

"தேயிலைக்கு நடுவுல கசகசா போடுறது வழக்கம்தானாம் அக்கா. கலப்புப் பயிர்னு ஃபாரத்துலயே இருக்கு. அப்படிப் போட்டுக்கிடலாங்கிறார். பட்டியல் பொய்னு எழுதுனா ஊருக்கே அரிசி நின்னுடும், மோசடின்னு ஆயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றாராம்."

"அப்ப அது என்ன?" என்று நான் எதிர்மலையைக் கை நீட்டிக் காட்டினேன். மோட்டார் ரோட்டுக்கு மேலே முழுச் சரிவும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்தது. இருநூறு ஏக்கருக்குக் குறையாது. லாவ் லியின் தோட்டம். அரசாங்கத்தோடு சேர்ந்துகொண்டு எங்கள் ஆட்களைச் சுடுவதற்காகத் துப்பாக்கி வாங்கிக்கொண்ட தனிப்படைக்காரன் அவன். ஹோல்டின் ஜீப் வரும்போதும் போகும்போதும் அந்தப் பூக்களை உரசிக்கொண்டுதான் வந்தது.

அவர் பார்த்தார். மறுபக்கம் திரும்பிக்கொண்டார். லாவ் லியின் குழு அரசாங்கத்தோடு சமாதானத்தில் இருக்கிறதாம், அந்தச் சரிவு வேறு வரைபடத்தில் வருகிறதாம். வரைபடம் மாறினால் பூவும் மாறிவிடும் போலிருக்கிறது. இவ்வளவு படித்த மனிதன் இவ்வளவு வெட்கமில்லாமல் ஒரு மலையையே பார்க்காமல் இருக்கமுடியும் என்று அன்றுதான் கண்டேன்.

மறுபடி கேப்டனிடம் போனேன். கேப்டன் கெட்டவர், ஆனால் கெட்டவர்களோடு பேரம் பேசலாம். தேயிலையை வெட்டிக்கொள்ளுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடிக்கட்டையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். வேர் இருந்தால் தளிர்க்கும், இரண்டு வருஷத்தில் கொழுந்து வந்துவிடும். ஊர் சார்பில் இரண்டு பன்றி தருகிறோம் என்றேன். அவர் மூன்று கேட்டார். ஒத்துக்கொண்டேன். அவர் சிப்பாய்களிடம், முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் போதும் என்று உத்தரவு போட்டார்.

முதல் கொழுந்து பறிக்க இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. என் தோட்டத்தை அவர்கள் ஒரு மணி நேரத்தில் வெட்டி முடித்தார்கள். நான் நின்று பார்த்தேன். கட்டைகள் இருந்தன, அதனால் என்னால் நிற்க முடிந்தது. ஆடியில் தளிர்க்கும், மகளை இரண்டு வருஷம் வீட்டில் வைத்துக்கொண்டு அப்புறம் அனுப்பிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன்.

அப்போது ஹோல்ட் சரிவில் இறங்கி வந்து, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். கேப்டன் தலையைச் சொறிந்தார். வெட்டிய பிறகு மருந்து தெளிக்கவேண்டும் என்பது விதியாம். அவர் நாட்டிலிருந்து வந்த, வேரையே கொல்லும் மருந்து, சிப்பாய்கள் அதை முதுகில் தகரத் தொட்டியில் சும்மா சுமந்துகொண்டு நின்றார்கள். தேவையில்லை, இது போதும் என்று கேப்டன் இரண்டு தடவை சொன்னார். மூன்று பன்றிக்கு அந்த அளவுக்கு நாணயமாக இருந்தார். ஹோல்ட் அசையவில்லை. அரைகுறையாக வேலை செய்ய அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கட்டையும் மருந்தில் நனைகிறதா என்று கூடவே நடந்து பார்த்தார். விட்டுப்போன கட்டைகளைக் குச்சியால் தொட்டுக் காட்டினார்.

மியா அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. அழுவதற்கும் அவளுக்குச் சம்பளம் வருகிறது என்று நினைத்தேன். நான் அழவில்லை, கீழே உட்கார்ந்துவிட்டேன்.

புறப்படும்போது ஹோல்ட் என்னை எழுப்பி நிறுத்தினார். கசகசாவைக் கைவிட்டவர்களுக்கு மாற்றுப் பயிர் கொடுப்பார்களாம். ஜீப்பிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்கள். உள்ளே பிளாஸ்டிக் பைகளில் விரல் உயரத்துக்குத் தேயிலைக் கன்று. அறுபது இருந்தது. அதை என் கையில் கொடுத்து, தோளில் கை போட்டு, படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் பிறகு ஏதோ புத்தகத்தின் அட்டையில் வந்ததாக மியா சொன்னாள். நான் அதில் நன்றாக இருக்கிறேனாம்.

கன்று கொழுந்து விட ஐந்து வருஷம். கசகசாவுக்கு நான்கு மாதம். லுவே சாம் விடுதியிலிருந்து மூட்டையோடு வந்து சேர்ந்தாள். ஆவணியில் அரிசி தீர்ந்தது. வெட்டப்பட்ட எல்லா வீட்டிலும் தீர்ந்தது. புரட்டாசியில் மை சென் வந்தான், இந்தத் தடவை துண்டறிக்கை இல்லை, விதைப்பை இருந்தது. ஊர் வாங்கிக்கொண்டது. நானும் மடியை நீட்டி வாங்கிக்கொண்டேன். மகள் தலையில் கை வைத்துச் சொன்னவள் நான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாங்கினேன்.

தை மாதம் மியா வந்தாள். ஹோல்டுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதாம். இந்தத் தடவை ஒரு புது வெள்ளைக்காரர், ஒரு புது ஃபாரம். நான் தோட்டத்தில் காய் கீறிக்கொண்டிருந்தேன். எத்தனை ஏக்கர் என்று கேட்டாள்.

"ரெண்டு. இந்தத் தடவ நெசம். ஊருக்கே நாப்பது. வேணும்னா அளந்துக்கோ."

அவள் எழுதிக்கொண்டாள். அடுத்த கேள்விக்கு வந்ததும் அவள் குரல் இறங்கியது. "மறுபடி கசகசாவுக்குத் திரும்புனதுக்கு என்ன காரணம்னு போட்டிருக்குக்கா."

"திரும்பலைம்மா. நான் இப்பத்தான் மொதத் தடவையாப் போட்டிருக்கேன்."

அதற்கு ஃபாரத்தில் இடம் இல்லை. புதியவர் அவசரப்படுத்தினார். மியா, பழைய பழக்கம் என்று எழுதினாள்.

புதியவர் என் செடிகளைப் படம் எடுத்தார். எட்டு வருஷம் சாணம் தின்ற மண். செடி என் தோள் உயரம் நின்றது, காய் ஒவ்வொன்றும் கோழி முட்டை அளவு. ஊரிலேயே என்னுடையதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.